தொடுவது வேறு, அமத்துவது வேறு: கண் தெரியாதவர்கள் ரச் போன் பழகுவது எப்படி

2009 இல் என் கண் போனது. அதுக்குப் பிறகு பத்து வருசத்துக்கு மேல் நான் பட்டன் போனோடுதான் காலத்தை ஓட்டினேன். பட்டன் போனில் 5 ஆம் இலக்கத்தில் சின்னதாய் ஒரு புடைப்பு இருக்கும், பெருவிரல் அதில் போய் நின்றால் மற்ற எல்லா இலக்கமும் எங்கே என்று கைக்குத் தெரியும். அதுக்குப் பிறகு கனடாவில் இருக்கிற சின்னம்மா ஒரு ரச் போன் அனுப்பினா. கையில் வாங்கித் தடவினேன். கண்ணாடித் துண்டு. மேலும் கீழும் ஒரே வழுக்கல்.

மச்சான் எங்கேயோ கேள்விப்பட்டு, திரையில் இருக்கிறதை வாசித்துச் சொல்கிற டோக்பேக்கை அதில் போட்டுவிட்டான். போன் பேசத் தொடங்கியது, எங்களுக்குச் சந்தோசம், ஆனால் அதுக்குப் பிறகு கண் தெரிந்த அவனாலேயே போனைத் திறக்க முடியவில்லை. எதைத் தொட்டாலும் வாசிக்கிறது, ஒன்றுமே வேலை செய்யுதில்லை. கடைசியில் நகரத்தில் ஒரு போன் திருத்துகிற கடைக்குக் கொண்டுபோக, அவர்கள் உள்ளே இருந்த எல்லாவற்றையும் அழித்து முதலில் இருந்த மாதிரியே ஆக்கித் தந்தார்கள். காசும் போச்சு, சின்னம்மா போட்டு அனுப்பின படங்களும் போச்சு. உண்மையில் செய்ய வேண்டியிருந்தது இவ்வளவுதான்: ஒலியைக் கூட்டுகிற பொத்தானையும் குறைக்கிற பொத்தானையும் சேர்த்து மூன்று செக்கன் அமத்திப் பிடிப்பது. அந்தக் குறுக்குவழியை முன்கூட்டியே போட்டு வைத்திருந்தால் டோக்பேக் நின்றிருக்கும், திரும்ப அப்படியே பிடித்தால் வந்திருக்கும். ஆகவே வேறெதைச் செய்ய முன்னமும் அமைப்புகளுக்குள் அணுகல்தன்மை என்ற பகுதிக்குப் போய், டோக்பேக்கின் பக்கத்தில் இருக்கிற குறுக்குவழியை ஒலிப் பொத்தான்களுக்குக் கொடுத்துவிடுங்கள். இந்த ஒன்றைச் செய்யாமல் டோக்பேக்கைப் போட வேண்டாம்.

இனி, இந்தக் கட்டுரை ஆருக்கு என்றால், பாதி போனைப் பழகப் போகிறவருக்கு, பாதி அவருக்குப் பழக்கிவிடப் போகிற மகளுக்கோ பேரனுக்கோ. இலங்கையின் வடக்கே எங்கள் வன்னிப் பக்கத்தில் கண் போன காரணம் பலருக்குப் பலவிதம்: போரில் செல் (எறிகணை) துண்டு பட்டவர்கள் இருக்கிறார்கள், சீனி வருத்தத்தால் மெல்ல மெல்லப் போனவர்கள் இருக்கிறார்கள், கண் பிரஷரை ஆரும் கவனிக்காமல் விட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள். போனுக்கு இதெல்லாம் ஒன்றுதான். ஆனால் பழக்குகிற விதம் ஒன்றில்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் தலைக்குள் போக வேண்டியது

கண் தெரிகிறவருக்கு ரச் போனில் தொடுவதும் அமத்துவதும் ஒரே வேலை. படத்தைப் பார்க்கிறார், தொடுகிறார், திறக்கிறது. டோக்பேக் இந்த இரண்டையும் பிரித்துவிடுகிறது. ஒருமுறை தொட்டால் விரலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லும், ஒன்றும் திறக்காது. அது சொன்னது நீங்கள் தேடினதுதான் என்றால் டக் டக் என்று இரண்டு முறை தட்ட வேண்டும், அப்போதுதான் திறக்கும். ஊரில் ஒரு வீட்டுக்குப் போனால் படலையடியில் நின்று கூப்பிட்டு, இன்னார் வீடுதான் என்று தெரிந்த பிறகுதானே உள்ளே போகிறோம், அது மாதிரி. கூப்பிடுவதால் ஒரு பிழையும் வராது. நூறு தரம் தொட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது, ஆருக்கும் தவறி அழைப்புப் போகாது. வயதானவர்கள் ரச் போனுக்குப் பயப்படுவது “கை பட்டு ஏதாவது ஆகிடுமோ” என்றுதான். அந்தப் பயத்தை முதல் நாளிலேயே எடுத்துவிட வேண்டும்.

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, இதை ஒழுங்காகச் சொல்லாததால்தான் பாதிப்பேர் இரண்டாம் நாளே போனைத் தூக்கிப் போடுகிறார்கள். இரண்டு முறை தட்டுவதை அதே இடத்தில் தட்ட வேண்டியதில்லை. “வட்ஸ்அப்” என்று போன் சொன்ன பிறகு விரலை எடுத்துவிட்டு, திரையில் எங்கே வேண்டுமானாலும் தட்டலாம், கீழ் மூலையில் தட்டினாலும் வட்ஸ்அப்தான் திறக்கும். ஏனென்றால் போன் கடைசியாகச் சொன்ன பொருளில் கவனத்தை வைத்துக்கொண்டிருக்கிறது. ஒட்டுசுட்டானில் இருக்கிற என் பெரியப்பாவுக்கு நான் இதைச் சொல்ல மறந்துவிட்டேன், மனிசன் ஒரு கிழமையாய் அதே இடத்தைத் தேடித் தேடித் தட்டியிருக்கிறார், தேடுகிற ஒவ்வொரு முறையும் விரல் வேறொன்றில் பட்டு, போனின் கவனம் அதுக்கு மாறி, அதுதான் திறந்திருக்கிறது. “இதை முதலே சொல்லியிருக்கலாமே தம்பி” என்று அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. பார்வையற்ற கணினி அறிஞர் டி. வி. ராமன் கூகுளில் சார்ள்ஸ் சென் என்பவரோடு சேர்ந்து 2009 அளவில் ஒரு இலக்கப் பலகை செய்து காட்டினார். கண்ணாடியில் புடைப்பு இல்லையே, 5ஐ எப்படிக் கண்டுபிடிப்பது என்ற என்னுடைய அதே கேள்விதான் அவர்களுக்கும். அவர்கள் கண்ட விடை: விரல் முதலில் எங்கே படுகிறதோ அதுதான் 5. அங்கிருந்து மேலே இழுத்தால் 2, கீழே இழுத்தால் 8. நீங்கள் இடத்தைத் தேட வேண்டாம், இடம் உங்கள் விரலைத் தேடி வரும். இன்றைய டோக்பேக்கில் அந்தப் பலகை இல்லை, ஆனால் யோசனை அதேதான். அண்ட்ரொயிட்டில் டோக்பேக் வந்ததும் 2009, ஐபோனில் இதே வேலையைச் செய்கிற வொய்ஸ்ஓவர் வந்ததும் 2009. என் கண் போனதும் அந்த வருசம்தான். எனக்கு இதெல்லாம் தெரிய வர அதுக்குப் பிறகு எத்தனையோ வருசம் பிடித்தது.

கையில் கொடுக்க முதல் போனைத் தயார் செய்வது

இது கண் தெரிந்தவர் ஒருவர் ஒரு பின்னேரம் இருந்து செய்ய வேண்டிய வேலை. இதைச் செய்யாமல் புதுப் போனைப் பெட்டியோடு கொடுத்துவிட்டு “பழகுங்கோ” என்றால் ஆரும் பழக மாட்டார்கள்.

குரலில் இருந்து தொடங்குங்கள். அமைப்புகளில் எழுத்தைப் பேச்சாக்குகிற பகுதி ஒன்று இருக்கிறது, அதில் கூகுளின் பேச்சுச் சேவையைத் தெரிவு செய்து, பக்கத்தில் இருக்கிற பற்சக்கரத்தைத் திறந்து, தமிழ்க் குரலைப் போனுக்குள்ளேயே இறக்கி வையுங்கள். இதை கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ நல்ல சிக்னல் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். மாங்குளம் தாண்டி உள்ளே போனால் சில இடங்களில் சிக்னல் வரும் போகும், குரல் இறங்காமல் இருந்தால் போன் ஊமையாகிவிடும். இறங்கிவிட்டால் டேட்டாவே வேண்டாம், ரீலோட் முடிந்தாலும் பேசும். இருப்பது இந்தியத் தமிழ்க் குரல்தான், நாங்கள் கதைக்கிற மாதிரிக் கதைக்காது, நாலு நாளில் காது பழகிவிடும். குரல் ஆங்கிலத்திலேயே இருந்தால் பல போன்களில் தமிழ் மெசேஜ் வரும்போது ஒன்றும் சொல்லாமல் தாண்டிப் போகும், “எனக்கு ஒருத்தரும் மெசேஜ் போடுறேல்லை” என்று ஆராவது சொன்னால் முதலில் இதைப் பாருங்கள்.

வேகத்தைத் தொடக்கத்தில் குறைத்து வையுங்கள். பழகினவர்கள் வைக்கிற வேகத்தைக் கேட்டால் உங்களுக்கு ஒரு சொல்லும் விளங்காது, அது அவர்களாகவே கூட்டிக்கொள்வார்கள்.

பிறகு முகப்புத் திரையைக் காலி செய்யுங்கள். வெளிநாட்டில் இருந்து வருகிற போன்களில் ஐம்பது அறுபது செயலிகள் வரிசையாய் இருக்கும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நாலை மட்டும் விடுங்கள், அந்த நாலையும் மூலைகளுக்குப் பக்கத்தில் வையுங்கள், ஏனென்றால் மூலையைக் கை தானாகக் கண்டுபிடிக்கும். பெரியப்பாவின் போனில் கீழ் இடது மூலை அழைப்பு, கீழ் வலது மூலை வட்ஸ்அப், மேலே ஒரு பக்கம் வானொலி, மறுபக்கம் மணிக்கூடு. ஆறு மாதமாய் அதுதான், அவருக்கு அது காணும்.

திரை தானாகத் திரும்புவதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் போனைக் கொஞ்சம் சரித்ததும் எல்லாம் இடம் மாறிவிடும். விளம்பர அறிவித்தல்களை நிறுத்துங்கள், அழைப்புக்கு நடுவில் “சலுகை, சலுகை” என்று கத்தும். பூட்டுக்கு விரல் அடையாளம் போடுங்கள், ஒவ்வொரு விரலையும் இரண்டு தரம் பதியுங்கள், தோட்டவேலை செய்கிற கையில் ரேகை தேய்ந்திருக்கும். பக்கப் பொத்தானிலோ பின்பக்கத்திலோ விரல் அடையாளம் இருக்கிற போன் நல்லது, கண்ணாடிக்குக் கீழே இருக்கிறதைத் தேடிப் பிடிப்பது வேதனை. மின் பொத்தானில் நகப்பூச்சு ஒரு துளி விட்டுக் காய வைத்தால் அதுதான் எங்களுக்குப் பழைய 5 ஆம் இலக்கப் புடைப்பு.

பெயர்களைப் பதியும்போது கவனம். ஆறு “தம்பி”, மூன்று “அக்கா” என்று பதிந்து வைத்தால் போன் ஆறு தரமும் “தம்பி” என்றுதான் சொல்லும். ஊரையோ வேலையையோ முன்னுக்குச் சேருங்கள்: “மல்லாவித் தம்பி”, “ஓட்டோ அண்ணை”. அவசர நோயாளர் காவு வண்டி 1990, பொலிஸ் 119, இரண்டையும் பதிந்துவிடுங்கள்.

இன்னும் ஒன்று, பிளே ஸ்டோரில் அண்ட்ரொயிட் அக்சசிபிலிட்டி சூட் என்று தேடி அதைப் புதுப்பித்துவிடுங்கள், டோக்பேக் அதுக்குள்தான் இருக்கிறது. பழைய மலிவுப் போன் கிடைத்திருந்தால் முதலில் நீங்களே டோக்பேக்கோடு ஒரு மணித்தியாலம் பாவித்துப் பாருங்கள். தொட்டு ஒரு செக்கன் கழித்துப் பேசுகிற போனில் பழகுவது கல்லில் நார் உரிக்கிற வேலை, அப்படிப்பட்டதைக் கொடுப்பதிலும் பார்க்கப் பட்டன் போனே மேல்.

விரல்கள்

முதல் நாள் ஒன்றும் திறக்க வேண்டாம். ஒரு விரலைத் திரையில் வைத்து, எடுக்காமல், மெல்ல இழுத்துக்கொண்டு திரையெல்லாம் போங்கள். மேலே நேரம், பற்றரி. கீழே பொத்தான்கள். நடுவில் வெறும் இடம், அங்கே ஒன்றும் சொல்லாது. ஒரு புது வளவுக்குள் வெண்பிரம்பால் தட்டித் தட்டி நடந்து பார்க்கிற மாதிரித்தான் இது.

இரண்டாவது வழி சுண்டுவது. ஒரு விரலால் வலப்பக்கம் சடக்கென்று சுண்டினால் அடுத்த பொருளுக்குப் போகும், இடப்பக்கம் சுண்டினால் முன்னைய பொருளுக்கு வரும். திரையில் எங்கே சுண்டினாலும் சரி. இப்படிச் சுண்டிக்கொண்டே போனால் திரையில் இருக்கிற ஒன்றையும் தவற விடமாட்டீர்கள். புதிதாய்ப் பழகுகிறவர்கள் எல்லாரும் மெதுவாய் இழுப்பார்கள், போன் அதைத் தடவுவது என்று எடுத்துக்கொள்ளும், “வேலை செய்யுதில்லை” என்பார்கள். மேசையில் விழுந்த சோற்றுப் பருக்கையை விரல் நுனியால் தட்டிவிடுகிற வேகம் வேண்டும். இதை வாயால் சொல்லி விளங்கப்படுத்த முடியாது, அவர்களுடைய புறங்கையில் உங்கள் விரலால் சுண்டிக் காட்டுங்கள், உடனே பிடிபடும். ஆனால் அவர்களுடைய விரலைப் பிடித்து இழுத்துத் திரையில் வைக்காதீர்கள். போனை அவர்கள் கையில் இருந்து பறித்து “இங்க தாங்கோ” என்று நீங்களே செய்வதும் கூடாது, நீங்கள் செய்து கொடுத்தால் நீங்கள்தான் பழகுவீர்கள்.

பட்டியல் நீளமாக இருந்தால் இரண்டு விரலைச் சேர்த்து வைத்து மேலே தள்ளினால் பக்கம் நகரும். பேச்சு அலுத்தால் இரண்டு விரலால் ஒருமுறை தட்டினால் வாயை மூடும்.

பின்னே போக, முகப்புக்குப் போக என்று வளைவுச் சைகைகள் இருக்கின்றன. விரலை எடுக்காமல் ஒரே இழுவையில், ‘ட’ எழுதுகிற மாதிரிக் கோணமாய்ச் செய்ய வேண்டும். கீழே போய் இடப்பக்கம் திரும்பினால் ஒரு படி பின்னுக்கு. மேலே போய் இடப்பக்கம் திரும்பினால் முகப்பு. வலப்பக்கம் போய்க் கீழே இறங்கினால் அறிவித்தல்கள். இந்த மூன்றில் முகப்புக்குப் போவதைத்தான் நான் எல்லாருக்கும் முதலில் பழக்குவேன், ஏனென்றால் எந்தக் காட்டுக்குள் வழிதவறினாலும் வீட்டுக்கு வருகிற வழி தெரிந்தால் பிறகு பயமில்லை. பெரியப்பாவை ஒரு முழு நாள் அதை மட்டும் செய்ய வைத்தேன்.

அண்ட்ரொயிட் 11 அல்லது அதற்கு மேற்பட்ட போன் என்றால் மூன்று விரலால் ஒருமுறை தட்டினால் டோக்பேக்கின் பட்டியல் வரும். பழைய போனில் கீழே போய் வலப்பக்கம் திரும்ப வேண்டும். அந்தப் பட்டியலில் திரையை மறைக்கிற வழி இருக்கிறது, போட்டால் திரை கறுப்பாகிவிடும், போன் வழமைபோல வேலை செய்யும். இ.போ.ச. பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவர் எட்டிப் பார்ப்பார் என்ற கவலை எனக்கு இதோடு போயிற்று.

மூன்று விரலால் மேலே கீழே சுண்டினால் வாசிப்புக் கட்டுப்பாடு மாறும்: எழுத்து, சொல், வரி, தலைப்பு, பேச்சின் வேகம், இப்படி. வேண்டியது வந்ததும் ஒரு விரலால் மேலோ கீழோ சுண்டினால் அதன்படி நகரும். ஆரோ அனுப்பின கணக்கிலக்கத்தை எழுத்தெழுத்தாய்க் கேட்க இது வேண்டும். முதல் மாதத்தில் இதைத் தொடவே தேவையில்லை.

இப்போது எங்கள் ஊருக்கே உரிய ஒரு விசயம். எங்களில் கனபேருக்குக் கண்ணோடு கையும் போயிருக்கிறது. விரல் இல்லாதவருக்கு மூன்று விரல் தட்டலைச் சொல்லிக் கொடுத்து என்ன பயன்? பயப்பட வேண்டாம், ஒரு விரல் காணும். வாசிப்புக் கட்டுப்பாட்டை ஒரு விரலாலேயே மேலே போய்க் கீழே திரும்பி மாற்றலாம். டோக்பேக்கின் அமைப்புகளில் சைகைகளை மாற்றுகிற இடம் இருக்கிறது, அங்கே போய் அவரால் செய்யக்கூடிய சைகைக்கு அவருக்கு வேண்டிய வேலையைக் கொடுத்துவிடலாம். போனை மேசையில் கிடத்தி ஒட்டி வைத்துவிட்டு விரல் மொளியால் பாவிக்கிற ஒருவரை எனக்குத் தெரியும், என்னிலும் வேகம். செல் சத்தத்தில் ஒரு காது அடைபட்டவர்களுக்கு அணுகல்தன்மையில் மோனோ ஓடியோ என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் இரண்டு பக்கச் சத்தமும் ஒரே காதுக்கு வரும். காய்ச்சுப்போன விரலைச் சில போன் கண்ணாடி உணராது, கோடை காலத்தில் இன்னும் மோசம், விரலைக் கொஞ்சம் ஈரத்துணியில் ஒற்றிவிட்டுத் தொடுங்கள், இல்லாவிட்டால் சின்னி விரலைப் பாவியுங்கள். ஈரம் கூடிவிட்டால் திரை பேய் பிடித்த மாதிரி ஓடும்.

அழைப்பும் வட்ஸ்அப்பும்

அழைப்பு வந்தால் இரண்டு விரலால் இரண்டு முறை தட்டினால் எடுபடும். அதையே திரும்பச் செய்தால் கட்டாகும். சைகை சரிவராதவர்களுக்கு மின் பொத்தானை அமத்தினால் அழைப்பு முடிகிற மாதிரி அணுகல்தன்மையிலேயே மாற்றலாம், மாற்றிவிடுங்கள். காதில் வைத்துக் கதைக்கும்போது திரை அணையும், கதைத்து முடிந்து காதில் இருந்து எடுத்த பிறகும் ஒரு செக்கன் பொறுத்துத்தான் தொட வேண்டும்.

வட்ஸ்அப்பில் குரல் மெசேஜ்தான் எங்களுக்கு உயிர். மைக் பொத்தானைக் கண்டுபிடித்து இரண்டு முறை தட்டுங்கள், இரண்டாவது தட்டில் விரலை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு கதையுங்கள். விட்டதும் போய்விடும். இந்தப் “பிடித்துக்கொண்டு” என்பதுதான் சூட்சுமம், கனபேர் தட்டிவிட்டு விரலை எடுத்துவிட்டுக் கதைப்பார்கள், அங்கே ஒன்றும் பதியாது.

எழுத வேண்டும் என்றால் விசைப்பலகையில் விரலை இழுத்துக்கொண்டு போய், வேண்டிய எழுத்தைச் சொன்னதும் விரலை எடுத்தால் அது பதியும். தமிழில் இப்படி எழுதுவது பொறுமைக்குச் சோதனை. நான் பேசித்தான் எழுதுகிறேன், கூகுள் விசைப்பலகையில் தமிழ் இலங்கை என்றே தனியாக ஒரு தெரிவு இருக்கிறது, அதைப் போட்டுவிட்டு மைக்கை அமத்திக் கதைத்தால் எழுதும். இயர்போன் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் டோக்பேக் பேசுவதையும் மைக் கேட்டு அதையும் சேர்த்து எழுதிவிடும். வயர் இயர்போனே நல்லது, மலிவான புளூடூத்தில் விரல் ஓரிடம், சத்தம் பின்னால் வரும். இரண்டு காதிலும் போட்டுக்கொண்டு வீதியில் நடக்க வேண்டாம், ஏ9 வீதியில் லொறிகள் போகிற வேகம் தெரியும்தானே.

வங்கிச் செயலிகளில் சில இடங்களில் “பெயரிடப்படாத பொத்தான்” என்றுதான் வரும், செய்தவர்கள் பெயர் போட மறந்துவிடுகிறார்கள். நம்பிக்கையான ஒருவரை அருகில் வைத்து அது என்ன பொத்தான் என்று கேட்டு, டோக்பேக் பட்டியலில் போய் நீங்களே அதுக்குப் பெயர் வைத்துவிடலாம். ஆனால் ஒருமுறைக் கடவு இலக்கம் வரும்போது போன் அதைச் சபைக்கே வாசித்துக் காட்டும், ஆகவே வங்கி வேலையும் இயர்போனோடுதான்.

கொஞ்சம் தெரிகிறவர்களுக்கு

கண் முழுதாய்ப் போகாதவர்களுக்கு டோக்பேக் இல்லாமலே எவ்வளவோ செய்யலாம். எழுத்தின் அளவைக் கூட்டலாம், எழுத்தோடு சேர்த்துப் படங்கள் பொத்தான்களின் அளவையும் தனியாகக் கூட்டலாம், இரண்டும் வேறு வேறு இடம். உருப்பெருக்கத்தைப் போட்டால் மூன்று முறை தட்டியதும் திரை பெருக்கும், இரண்டு விரலால் இழுத்து அங்கிங்கே போகலாம். கண்புரை இருக்கிறவர்களுக்கு எங்கள் வெயிலில் வெள்ளைத் திரை முகத்தில் அடிக்கும், நிறத்தைத் தலைகீழாக்கிக் கறுப்பில் வெள்ளை எழுத்தாக்கினால் சுகம். தொட்டதை மட்டும் வாசிக்கிற ஒரு வசதியும் தனியாய் இருக்கிறது, முழு டோக்பேக் வேண்டாம் என்கிறவர்களுக்கு அது நல்லது.

ஆனால் ஒன்றை நேராய்ச் சொல்கிறேன். பார்வை வருசா வருசம் குறைகிறது என்று டொக்டர் சொல்லியிருந்தால், கொஞ்சம் தெரிகிற காலத்திலேயே டோக்பேக்கைப் பழகத் தொடங்குங்கள், ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம், கண்ணை மூடிக்கொண்டு. பெரியப்பா எழுத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கி, கடைசியில் திரையில் மூன்று எழுத்து மட்டும் நிற்கிற வரைக்கும் பிடிவாதமாய் இருந்தார். முழுதாய்ப் போன பிறகு மனமும் உடைந்திருக்கும்போது புதிதாய் ஒன்றைப் பழகுவது இரட்டைப் பாரம்.

கமராவால் பார்க்கிற செயலிகள்

பீ மை ஐஸ் என்று ஒன்று, டென்மார்க்கில் பார்வை குறைந்த ஒருவர் தொடங்கியது, 2015 இல் வந்தது. நீங்கள் கமராவைத் திறந்தால் உலகத்தில் எங்கேயோ இருக்கிற ஒரு தொண்டர் உங்களுக்குப் பார்த்துச் சொல்வார், மொழியைத் தமிழ் என்று போட்டு வைக்கலாம். பால்மா பெட்டியின் திகதி, சட்டையின் நிறம், இதுகளுக்கு நல்லது. அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் காட்ட வேண்டாம். அச்சுத் தமிழைக் கூகுள் லென்ஸ் ஓரளவு வாசிக்கும், ஆனால் ஆஸ்பத்திரியில் குளிசை போட்டுத் தருகிற கடதாசி உறையில் இருக்கிற கையெழுத்தை நம்பி விடாதீர்கள், அதுக்கு காலைக் குளிசைக்கு ஒரு ரப்பர் வளையம், இரவுக் குளிசைக்கு இரண்டு என்று போடுகிற பழைய வழிதான் பாதுகாப்பு.

காசைப் பார்க்கப் போன் தேவையேயில்லை. 2010 ஆம் ஆண்டுத் திகதியோடு தொடங்கின எங்கள் தாள்களில் பெறுமதி கூடக் கூட நீளமும் கூடும், ஓரத்தில் தடவக்கூடிய புள்ளிகளும் இருக்கின்றன. புதுத்தாளில்தான் புள்ளி தெரியும், சந்தையில் கசங்கினதில் நீளத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஐபோன் வந்திருந்தால்

உறவுகள் பாவித்துவிட்டு அனுப்புகிற ஐபோன்கள் இப்போது வன்னியில் நிறைய. அதில் இருப்பது வொய்ஸ்ஓவர், அடிப்படை ஒன்றுதான்: தொட்டால் சொல்லும், இரண்டு முறை தட்டினால் திறக்கும். வேறுபாடு என்னவென்றால் பக்கத்தை நகர்த்த மூன்று விரல் வேண்டும், பின்னே போக இரண்டு விரலால் அங்குமிங்கும் தேய்க்க வேண்டும், அழைப்பை எடுப்பது அதே இரண்டு விரல் இரட்டைத் தட்டல். தமிழ்க் குரல் 2022 இல் வந்த ஐஓஎஸ் 16 இலிருந்துதான் உள்ளேயே வருகிறது, ஆகவே கனக்கப் பழைய ஐபோன் என்றால் அனுப்புகிறவரிடம் முதலே கேளுங்கள். பக்கப் பொத்தானை, முகப்புப் பொத்தான் இருக்கிற பழைய ஐபோனில் அந்தப் பொத்தானை, மூன்று முறை அமத்தினால் வொய்ஸ்ஓவர் வந்து போகிற மாதிரிக் குறுக்குவழி போடலாம், அதைப் போடுங்கள்.

போன் பேசாமல் போனால்

வருகிற முறைப்பாடுகளில் பாதி இதுதான். ஐபோன் என்றால் மூன்று விரலால் இரண்டு முறை தட்டிப் பாருங்கள், முன்னர் கை தவறி அப்படித் தட்டியதால்தான் அது வாயை மூடியிருக்கும். மூன்று விரலால் மூன்று முறை தட்டுப்பட்டிருந்தால் திரை கறுத்திருக்கும், பேச்சு இருக்கும், வீட்டில் இருக்கிறவர்கள் போன் செத்துவிட்டது என்று சொல்வார்கள். திரும்ப அப்படியே தட்டினால் வரும்.

அண்ட்ரொயிட் என்றால் பேச்சின் சத்தம் வேறு, அழைப்பு மணியின் சத்தம் வேறு. டோக்பேக் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒலிப் பொத்தானை அமத்தினால்தான் அதன் சத்தம் கூடும், அது பேசாமல் இருக்கும்போது அமத்தினால் வேறெதையோ கூட்டுவீர்கள். ஒரு விரலைத் திரையில் ஓட்டிக்கொண்டே மறுகையால் பொத்தானை அமத்துங்கள். அப்படியும் ஒன்றும் கேட்காவிட்டால் இயர்போன் துவாரத்துக்குள் தூசி அடைத்து, இயர்போன் போட்டிருக்கிறது என்று போன் நினைத்துக்கொண்டிருக்கும், எங்கள் கிறவல் ரோட்டுப் புழுதிக்கு இது அடிக்கடி நடக்கிறது. வாயால் ஊதாதீர்கள், எச்சில் போகும், காய்ந்த சின்னத் தூரிகையால் தட்டிவிடுங்கள். அதுவும் இல்லையென்றால் மின் பொத்தானை நீளமாய் அமத்திப் பிடித்து அணைத்துப் போட்டு, அதிர்வு கேட்ட பிறகு ஒரு நிமிடம் பொறுத்து, இரண்டு ஒலிப் பொத்தானையும் சேர்த்து மூன்று செக்கன் பிடியுங்கள். திருத்துகிற கடைக்கு அதுக்குப் பிறகு போகலாம், போனால் “ஒன்றையும் அழிக்க வேண்டாம்” என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள்.